பன்னிரண்டு விதிகளும் ஒரு கையெழுத்தும்

ஜூலை பிறந்தால் மாரீஸ்வரிக்கு எரிச்சலும் சேர்ந்தே பிறந்துவிடும். செம்பூரில் பாதிரியார்கள் நடத்தும் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் அவள் சீனியர் கிளார்க். இருபது வருடங்களுக்கும் மேலாக அதே அறை, அதே ஜன்னலோர மேசை. மழை பெய்தால் அந்த ஜன்னலை மூட முடியாது, வெயிலடித்தால் திறக்க முடியாது.

சேர்க்கை முடிந்த கையோடு கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கையேடு கொடுப்பார்கள். அதன் கடைசிப் பக்கம் நீல நிறம். ‘நாம் பகிர்ந்துகொள்ளும் விழுமியங்கள்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே பன்னிரண்டு விதிகள். அதற்கும் கீழே மாணவர் கையெழுத்துக்கு ஒரு கோடு, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கிழித்து மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆயிரத்து நூறு பிள்ளைகளிடமிருந்து இந்த ஒரு தாளை வாங்குவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். ஒருவன் தாள் மழையில் நனைந்துவிட்டது என்பான். ஒருத்தி வடாலாவில் ரயில் மாறும்போது பையோடு போய்விட்டது என்பாள். ஒரு வருடம் ஒருவன் பெற்றோர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘பெற்றோர்’ என்றே எழுதிக் கொடுத்தான்.

“க்யா ரே, தேரே பாப் கா நாம் பெற்றோர் ஹை க்யா?” என்று இந்தியில் கேட்டாள், உன் அப்பன் பெயரே பெற்றோரா என்று. அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. அப்பா சுடலைக்கண்ணன் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து சயானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவர். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். பிறகு டைப்பிங், அஞ்சல் வழியில் ஒரு பட்டம். செய்தித்தாள் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்ததில் இந்த வேலை கிடைத்தது. வந்த முதல் வாரம், காலை ஜெபத்தின்போது எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது ஸ்பீக்கரில் ஜெபம் சொல்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். நெற்றியில் குங்குமமும் உண்டு, உதட்டில் ‘ஆமென்’னும் உண்டு. அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் நீலத் தாளில்தான்.

போன வருடம் ஜூலையில் ஒரு புதன்கிழமை மதியம் தாள்களை வகுப்புவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தௌசீப் என்ற பையனின் தாளில் அப்பா கையெழுத்து அழகாக இருந்தது. சாய்ந்த எழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டின் அடியில் இரண்டு புள்ளிகள். அடுத்து ஷிண்டே என்ற பெண்ணின் தாள். அம்மா கையெழுத்து. சாய்ந்த எழுத்து, ஒரு கோடு, இரண்டு புள்ளிகள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக் கட்டையும் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று தாள்கள் தனியே வந்துவிட்டன. முஸ்லிம் அப்பா, மராத்தி அம்மா, மலையாள மாமா, எல்லோரும் கோடு போட்டு இரண்டு புள்ளி வைத்திருந்தார்கள்.

அந்தப் புள்ளிகளை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று நினைவு வந்ததும் குடையைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் ரசீதுகளில்.

கடையில் உட்கார்ந்திருப்பவர் ஜகந்நாதன். மாட்டுங்காக்காரர், ஏதோ ஒரு ஆபீசில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பொழுது போகாமல் மருமகனின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மாரீஸ்வரி தாள்களை அவர் முன்னால் விசிறிபோல் விரித்து வைத்தாள். அவர் ஒன்றும் பதறவில்லை.

“நான்தான் போட்டேன்,” என்றார். “கொழந்தைகள் அழாத குறையா வந்து நிக்கறதுகள். ஒருத்தனோட அப்பா துபாய்ல. ஒருத்தியோட அம்மா கார்த்தால அஞ்சு மணிக்கு வேலைக்குப் போயிடறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ?”

“சார், இது அப்பா அம்மா போட வேண்டிய கையெழுத்து.”

“‘பேரண்ட் ஆர் கார்டியன்’னு நீங்கதானே அச்சடிச்சிருக்கேள்? கார்டியன்னா பாத்துக்கறவன். அந்த அஞ்சு நிமிஷம் நான் பாத்துண்டேன்.”

“நாப்பத்து மூணு பிள்ளைக்கும் நீங்கதான் கார்டியனா?”

“நாப்பத்து மூணா?” அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “முப்பது முப்பத்தஞ்சு இருக்கும்னு நெனச்சேன்.”

மாரீஸ்வரி நனைந்த புடவையோடு திரும்பி வந்தாள். நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போய்த் தாள்களை மேசையில் வைத்தாள். ஃபாதர் ராய்ஸ்டன் பிரின்சிபாலாகி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. குரலை உயர்த்தாத மனிதர். அதனாலேயே அவர் சொல்வதைத் தட்டுவது கடினம்.

“முதல் விதி என்ன, மாரீஸ்வரி?”

“நேர்மை, ஃபாதர்.”

“அந்தத் தாளிலேயே பொய்க் கையெழுத்து.” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நாற்பத்து மூன்று பேரின் பெற்றோரும் நேரில் வரட்டும். உங்கள் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியாதவர்களின் பரீட்சை ஃபார்ம் ஏற்கப்படாது.”

தப்புச் செய்தது நாற்பத்து மூன்று பிள்ளைகள், தண்டனை எனக்கு என்று நினைத்துக்கொண்டாள். வாயால் சொன்னது, “சரி, ஃபாதர்.”

அடுத்த நாள் காலையிலிருந்து போன். பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருந்த பெற்றோர் எண்களில் பாதி அவர்களுடைய எண்களே. மூன்றாவது அழைப்பில் ஒரு கனமான குரல், “ஹான் ஜி, மை உஸ்கா பப்பா போல் ரஹா ஹூம்,” அவன் அப்பாதான் பேசுகிறேன் என்றது. அந்தப் பப்பாவுக்குப் பின்னால் யாரோ ‘தோ கட்டிங், ஏக் சமோசா!’ என்று டீக்கும் சமோசாவுக்கும் கத்தியது போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. மாரீஸ்வரி போனை வைக்காமலேயே எழுந்து கேன்டீனுக்கு நடந்தாள். பப்பா அங்கே கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். வயது பத்தொன்பது. நண்பனுக்காகச் செய்தாராம்.

“வெக்கமே இல்லையாலே உனக்கு?” என்று கேட்டாள். கோபம் மிஞ்சினால் அவளுக்குத் தாராவித் தமிழ்தான் வரும். அந்தக் குஜராத்திப் பையனுக்கு ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

வீட்டுக்குப் போனால் கணேசபாண்டியனிடம் கொட்டித் தீர்ப்பாள். கணவர் மாட்டுங்கா ரோடில் ஒரு கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். “ஒரு கையெழுத்துத்தானட்டி, விட்டுத்தொலையேன்,” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். “ஒரு பார்சலுக்குக் கையெழுத்து வாங்காம நீங்க விட்டுத்தொலைப்பீகளா?” என்று அவள் கேட்டதும் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

எப்படியோ ஒருவர் ஒருவராக வந்தார்கள். ஒரு அப்பா அவள் எதிரிலேயே மகனை அறைந்தார். அவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளுக்கு நல்ல வரன் இருந்தால் சொல்லச் சொன்னாள். யாரும் தாளைப் படிக்கவில்லை. ‘எங்கே போடணும்?’ என்று மட்டும் கேட்டார்கள். மாரீஸ்வரி விரல் வைத்த இடத்தில் போட்டார்கள். வியாழக்கிழமை மாலைக்குள் நாற்பத்திரண்டு முடிந்தது.

மிச்சம் ஒன்று. பெயர் இஜாஸ், பி.காம். இரண்டாம் வருடம், சீத்தா கேம்ப்பிலிருந்து வருகிறவன். மரியாதையான பையன், நன்றாகப் படிப்பவன். அவன் ஏன் ஜகந்நாதனிடம் போனான் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“மேடம், உம்மாவைக் கூப்பிடாதீங்க,” என்றான். “அவங்க வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“எனக்கு என்னடே கஷ்டம்?”

“உம்மாகிட்டதான் முதல்ல குடுத்தேன். ‘என்ன எழுதிருக்கு, படிச்சுச் சொல்லு’ன்னாங்க. மூணு லைன் படிச்சேன். ஒவ்வொரு லைனுக்கும் இருபது கேள்வி. பஸ் போயிடுச்சு, ஃபர்ஸ்ட் லெக்சரும் போயிடுச்சு. அதான்…”

“நாளைக்கு நாலு மணி. உம்மா வரணும். இல்லேன்னா உன் பரீட்சை ஃபார்மை வாங்க மாட்டாங்க. எனக்குக் கஷ்டமா இல்லையான்னு நான் பாத்துக்கிடுதேன்.”

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஷரீஃபுன்னிசா வந்தாள். கறுப்பு புர்கா, கையில் நனைந்த குடை, மூச்சு வாங்கல். விடியற்காலையில் இடியாப்பம் அவித்து சீத்தா கேம்ப் ஓட்டல்களுக்குக் கொடுப்பவள். மதியச் சமையலை முடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். மகனைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள்: “பொய்யன்.” பிறகு மாரீஸ்வரியின் எதிரே உட்கார்ந்தாள்.

“மேடம், அவன் செஞ்சது தப்பு. நான் மன்னிப்புக் கேக்கேன். இப்போ தாளைக் குடுங்க.”

இவ்வளவு சுலபமா என்று மாரீஸ்வரிக்கு ஆறுதலாக இருந்தது. தாளையும் பேனாவையும் நகர்த்தி, விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். ஷரீஃபுன்னிசா பேனாவை எடுக்கவில்லை.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்க நம்ம பக்கத்து ஆளுன்னு மவன் சொன்னான். தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க.”

“எல்லாம் நல்லதுதான்க்கா எழுதிருக்கு. ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான்.”

“நல்லதுன்னா படிச்சுக் கேக்கதுல என்ன?”

மாரீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். படிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இந்தத் தாளை எண்ணியிருக்கிறாள், அடுக்கியிருக்கிறாள், கட்டியிருக்கிறாள். முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

முதல் விதி நேர்மை. “பொய் சொல்லக்கூடாது, காப்பி அடிக்கக்கூடாது.”

“சரி. இதைத்தான் இவன் முறிச்சான். மேல சொல்லுங்க.”

இரண்டாவது, எல்லா மதத்தையும் மதித்து, காலை ஜெபத்தின்போது அமைதியாக நிற்க வேண்டும்.

“நிக்கட்டும். நின்னா காலா வலிக்கும்? வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு விடுவீங்கள்லா?”

“மதியம் பிரேக் உண்டு. எல்லாப் பையன்களும் போயிட்டுத்தான் வாராங்க.”

“அது இதுல எழுதிருக்கா?”

“எழுதல.”

“சரி.” அவள் அதை மனதில் எங்கோ குறித்துக்கொண்டது போலிருந்தது.

மூன்றாவது உடை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிந்திருந்தது. தமிழில் எப்படிச் சொல்வதென்று மாரீஸ்வரி திணறினாள். “அடக்கமா உடுத்தணும்.”

“அடக்கம்னா? யாரு அளக்கது?”

“கிழிஞ்ச ஜீன்ஸ் கூடாது. குட்டைப் பாவாடை கூடாது.”

“கிழிஞ்சதையா உடுத்துட்டு வாராங்க? தைக்கச் சொல்லலாமே.”

மாரீஸ்வரிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது. உடனே எரிச்சலும் வந்தது. மூன்றாவது விதியிலேயே இரண்டே முக்கால் ஆகிவிட்டது. நான்காவது, ஐந்தாவது என்று வேகத்தைக் கூட்டினாள். ஷரீஃபுன்னிசா வேகத்தைக் குறைத்தாள். பான் மசாலா கூடாது என்பதற்கு மகன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனில் யாரையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்பதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். சாதி சொல்லி யாரையும் இழிவாகப் பேசக்கூடாது என்றதும், “இது ரொம்ப நல்லாருக்கு,” என்றாள். வாசலில் வேறு வேலையாக வந்தவர்கள் வரிசையில் நின்று உச்சுக்கொட்டத் தொடங்கியிருந்தார்கள்.

ஒன்பதாவது விதி. மாரீஸ்வரி ஆங்கிலத்தில் மனதுக்குள் இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னாள்: “ஒழுக்க விஷயத்துல காலேஜ் என்ன முடிவு எடுத்தாலும் அதுதான் கடைசி. பிள்ளையோ, பெத்தவங்களோ கேள்வி கேக்கக்கூடாது.”

ஷரீஃபுன்னிசா குடையைத் தரையில் வைத்தாள்.

“கேள்வி கேக்க மாட்டேன்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

“சும்மா எழுதுறதுதான்க்கா. எல்லா எடத்துலயும் இப்படித்தான் எழுதுவாங்க.”

“தங்கச்சி,” என்றாள் அவள். மேடம் போய் தங்கச்சி வந்துவிட்டது. “மான்குர்த் பக்கத்துல எங்களுக்குச் சொந்தமா ஒரு வீடு இருந்துச்சு. ஒரு பில்டர் ஆளு இங்கிலீஷ்ல ஒரு தாளைக் கொண்டாந்தான். ‘சும்மா எழுதுறதுதான், எல்லாரும் போட்டாச்சு’ன்னான். இவன் வாப்பா ஜெயினுலாப்தீன் வெல்டிங் பட்டறையில இருந்தாரு. நான்தான் போட்டேன். வீட்டை இடிச்சாங்க. புதுக் கட்டடத்துல பேரு வரல. போய்க் கேட்டா, ‘கேள்வி கேக்க மாட்டேன்னு நீதான் கையெழுத்துப் போட்டிருக்கே’ன்னு அந்தத் தாளைக் காட்டுறான். பதினோரு வருசமா வாடகை வீடு. மத்த பதினொண்ணுக்கும் படிச்சுக் கேட்டுட்டுப் போடுதேன். இதுக்குப் போட மாட்டேன்.”

“தனித்தனியா போட முடியாதுக்கா. ஒரே கோடுதான் இருக்கு.”

“அப்போ அந்த வரியை அடிச்சுக் குடுங்க.”

“நான் எப்படி அடிக்க முடியும்? நான் கிளார்க்கு!”

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஜாஸ் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான் சொன்னேன்ல மேடம்,” என்றான்.

“நீ வாயை மூடு,” என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மாரீஸ்வரி தாளை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறையை நோக்கி நடந்தாள். நடையில் எரிச்சல் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பாதி வழியில் அப்பா நினைவுக்கு வந்தார். பள்ளியில் எந்தத் தாள் கொடுத்தாலும் அவள் விரல் வைக்கும் இடத்தில் சுடலைக்கண்ணன் கட்டைவிரல் ரேகை வைப்பார். என்ன தாள் என்று கேட்டதே இல்லை. ஒருமுறை கணக்கில் பெயில் ஆன தாளை, சுற்றுலா போவதற்கு என்று சொல்லி ரேகை வாங்கினாள். அவர் சந்தோஷமாக, ‘பத்திரமாப் போயிட்டு வா தாயி’ என்றார். அன்று அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

ஃபாதர் ராய்ஸ்டன் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “ஒருவருக்காக அச்சடித்த விதியை மாற்ற முடியாது, மாரீஸ்வரி. நாளைக்கு எல்லோரும் வருவார்கள்.”

“தெரியும், ஃபாதர்.”

“நாற்பத்திரண்டு பேர் எதிர்ப்புச் சொல்லாமல் போட்டிருக்கிறார்கள்.”

“நாற்பத்திரண்டு பேரும் படிக்கவில்லை, ஃபாதர். நானும் படித்துக் காட்டவில்லை.” இந்த அறையில் ‘சரி, ஃபாதர்’ என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லை. “இன்றைக்குத்தான் நானே முழுதும் படித்தேன். ஒன்பதாவதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தலைப்பில் பகிர்ந்துகொள்ளும் விழுமியங்கள் என்று போட்டிருக்கிறோம். கேட்கவே கூடாது என்றால் அவர்களோடு எதைப் பகிர்ந்துகொள்கிறோம்?”

ஃபாதர் தாளை வாங்கி ஒன்பதாவது வரியைப் படித்தார். அவரும் அதை இப்போதுதான் படிக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

“அந்த வரிக்குப் பக்கத்தில் தன் மறுப்பை எழுதச் சொல்லுங்கள்,” என்றார் கடைசியில். “எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஃபைல் செய்யுங்கள். பொய்க் கையெழுத்துக்காகப் பையனிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.”

“அது நியாயம், ஃபாதர்.”

ஷரீஃபுன்னிசா ஒன்பதாவது வரியின் ஓரத்தில், குண்டு குண்டான தமிழ் எழுத்தில், ‘காரணம் கேட்பேன்’ என்று எழுதினாள். மீதி மூன்று விதிகளையும் விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். மூன்று ஐம்பத்தைந்து. மகனுக்கு என்ன தண்டனை என்று விசாரித்தாள். மற்றவர்களைப் போல அவனும் ஒரு மாதம் லைப்ரரியில் புத்தகம் அடுக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லியனுப்பியிருந்தார். “ஒரு மாசம் பத்தாது,” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தோடு முடிந்தது என்று மாரீஸ்வரி நம்பினாள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் பதினேழு மாணவர்கள் நின்றார்கள்; வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றவர்கள் விஷயத்தைப் பரப்பிவிட்டிருந்தார்கள். தங்கள் நீலத் தாளைத் திருப்பித் தர வேண்டுமாம், ஒன்பதாவது வரியில் அவர்களும் எழுத வேண்டுமாம். அதில் ஒருவன் கேன்டீன் பப்பா.

“உனக்கென்னடே காரணம் கேக்கணும்? உனக்குக் காரணமே வேண்டாமே!” என்று கத்தினாள். ஆனால் கட்டை அவிழ்த்தாள். ஃபாதரிடம் போய்ச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “கொடுங்கள்,” என்றார்.

அந்த வருடம் முழுக்க கமிட்டி உட்கார்ந்தது. இரண்டு பேராசிரியர்கள் ராஜினாமா செய்வதாகச் சொல்லிப் பிறகு செய்யாமல் விட்டார்கள். கடைசியில் ஒன்பதாவது விதி மாறியது: கல்லூரி எடுக்கும் முடிவுக்கு மாணவரோ பெற்றோரோ கேட்டால் காரணம் எழுத்தில் தரப்படும். அதோடு கமிட்டி இன்னொன்றையும் சேர்த்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு, கையெழுத்துப் போடும் முன் விதிகளை அவர்கள் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். இந்திக்கும் மராத்திக்கும் ஆள் போட்டார்கள். தமிழுக்கு யார் என்று யாரும் கேட்கவே இல்லை, பெயரை எழுதிவிட்டார்கள்.

“ஒருத்தருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஃபாதர்!”

“படித்துக் காட்டவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.”

இந்த ஜூலையில் அவள் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு முன்னால் நடப்பதில்லை. தொண்டை கட்டிக்கொண்டதற்குக் கணேசபாண்டியன் சித்தரத்தை வாங்கித் தந்திருக்கிறார். நேற்று தாராவியிலிருந்து திருவேங்கடம் என்று ஒரு பெரியவர் பேத்திக்காக வந்திருந்தார். அடக்கமான உடை என்றதும் நிறுத்தினார்.

“இது பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டுமா, பயலுகளுக்குமாம்மா?”

“எல்லாருக்கும்தான்யா.”

“அப்படின்னு எழுதிருக்கா?”

மாரீஸ்வரி ஆங்கிலத் தாளைத் திரும்ப எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். எழுதவில்லை.

“ஏன்யா எல்லாரும் என்னையே கேக்கீக?” என்று சலித்துக்கொண்டே, ஃபாதரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருந்த நோட்டை இழுத்து, அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு நான்காவது விதியைப் படிக்கத் தொடங்கினாள்.